வளையத்துக்கு வரும் சேதி: வண்டி ஸ்டியரிங்கின் உணர்வும் ஆயுளும்

கல்பாத்தித் தேரைப் பார்க்காத பாலக்காட்டுத் தமிழர் அரிது. ஐப்பசிக் கடைசியில் அக்கிரகாரத் தெருவில் வடம் பிடிப்பவர்கள் முன்னே இழுக்க, யானை பின்னே நின்று மத்தகத்தால் தள்ள, தேர் அசைந்து வரும். கூட்டத்தின் கண்ணெல்லாம் மேலே அலங்காரத்தில் இருக்கும். அடியேன் வியாபாரி, என் கண் சக்கரத்தடிக்குத்தான் போகும். பொதுவாக நம் கோயில் தேர்களுக்கெல்லாம் அங்கே ஓர் ஆள் முட்டுக்கட்டையோடு நிற்பார். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சாய்வில், எந்த நொடியில் கட்டை கொடுக்கிறார் என்பதில்தான் தேர் திரும்புவதும் நேரே போவதும் இருக்கிறது. கட்டையைத் தட்டும்போதே அவர் கைக்குத் தெரிந்துவிடும், தேர் பேச்சைக் கேட்கிறதா இல்லையா என்று.

அந்தக் 'கைக்குத் தெரிவது' பற்றித்தான் இக்கட்டுரை. மோட்டார் வண்டியில் அதை ஸ்டியரிங் உணர்வு என்கிறோம். கலைச்சொல்லாளர்கள் ஸ்டியரிங்கைத் திசைமாற்றி என்பார்கள். கப்பலோட்டிகள் தம் திசைக் கருவியைச் சுக்கான் என்றார்கள்; அது அரபியிலிருந்து நம் கடற்கரைக்கு வந்த சொல். இங்கே மலையாள நண்பர்கள் ஓட்டுநரை 'வளையம் பிடிக்கிறவர்' என்பார்கள். எனக்குப் பிடித்த சொல் வளையம்தான். வளையத்தின் வழியாகக் கட்டளை கீழே போகிறது. சேதி மேலே வருகிறது. இரண்டும் ஒரே பாதை. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

நான் பொறியியல் படித்தவனல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1986-இல் முதலமடைக்கு வந்து, தை முதல் வைகாசி வரை மாங்காய் வியாபாரமும், மற்ற மாதங்களில் மலை எஸ்டேட்டுகளுக்கு மளிகை அனுப்பும் தொழிலும் செய்து வருபவன். வண்டி வைத்துப் பிழைத்தவனுக்கு வண்டி கற்றுக்கொடுத்தது கொஞ்சம், கையேடுகளும் புத்தகங்களும் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். தப்பு செய்து கற்றதுதான் அதிகம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வளைவில் இரண்டு சக்கரங்கள்

மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறுதான் ஸ்டியரிங். இரண்டே சக்கரம், மாடு திரும்பினால் வண்டி திரும்பும். நான்கு சக்கரம் வந்ததும் சிக்கல் தொடங்கியது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டே தீரும். பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சையே நடுவில் முளையடித்துத் திருப்பினார்கள். அதில் வண்டி குடை சாயும் அபாயம் இருந்தது.

மூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் 1817-இல் வேறு வழி கண்டார். அச்சு அப்படியே நிற்க, இரு முன் சக்கரங்களும் தனித்தனி முளையில் திரும்பும். உள்சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்பும்படி இணைப்பு அமையும். லண்டனில் அவருக்கு ஏஜென்டாக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். கண்டவர் ஒருவர், பெயர் ஏஜென்டுக்கு. இன்றும் உலகம் அதை 'ஆக்கர்மன் அமைப்பு' என்றே சொல்கிறது. வியாபாரத்தில் இதெல்லாம் புதிதல்ல!

ஆக்கர்மன் கணக்குச் சரியாக நிற்க வேண்டுமானால் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் நீளமும் மூட்டுகளின் இறுக்கமும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு மூட்டு தேய்ந்தாலும் கணக்கு தப்பும். டயர் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடும். நாமோ டயர் கம்பெனியைத் திட்டுவோம்.

கையிலிருந்து தரை வரை

வளையத்தைத் திருப்பினால் என்ன நடக்கிறது? வளையத்தின் கீழே தண்டு. தண்டின் முனையில், லாரி, ஜீப் வகைகளில் ஸ்டியரிங் பாக்ஸ். அதிலிருந்து தொங்கும் கை, அதாவது டிராப் ஆர்ம். அதிலிருந்து நீளும் இழுதண்டு. பிறகு இரு சக்கரங்களையும் கட்டும் டை ராடு. ஒவ்வொரு முனையிலும் பந்து மூட்டு, நம் ஒர்க்‌ஷாப் மொழியில் பால் ஜாயின்ட். கடைசியில் கிங்பின், வீல் பேரிங், டயர்.

கார்களில் இப்போது பெரும்பாலும் ரேக்-பினியன் வகை: ஒரு சிறு பல்சக்கரம், பல் வெட்டிய நீளத் தண்டை இடமும் வலமும் நகர்த்தும். உறுப்புகள் குறைவு, ஆகவே ஆட்டம் குறைவு, சேதி தெளிவு. நம் பழைய அம்பாசடரில் இருந்ததும் ரேக்-பினியன்தான். பிரீமியர் பத்மினியில் திருகும் உருளையும் கொண்ட பாக்ஸ். 1983-இல் வந்த மாருதி 800-இலும் ரேக்-பினியனே. அந்தக் கார்களை ஓட்டிய பெரியவர்கள் இன்றும் 'ரோடு கையில தெரியும்' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பாக்ஸ் வகையில் மூட்டுகள் அதிகம். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் அளவு ஆட்டம் இருந்தால், மளிகைக் கடையில் சில்லறைப் பாக்கி சேர்வது போல, வளையத்தில் அது நான்கு விரல் அளவாகச் சேர்ந்து நிற்கும். எந்தக் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று ஏட்டைப் புரட்டாமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால் கடன் தீராது. ஸ்டியரிங்கும் அப்படியே.

சேதி எப்படி வருகிறது?

கையை விட்டுச் சைக்கிள் ஓட்டிய பிள்ளைப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால் சக்கரம் தானே நேராக நிற்கப் பார்க்கிறது. காரிலும் லாரியிலும் கிங்பின் அல்லது அதற்குச் சமமான அச்சுக்கோடு இப்படிப் பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். இதைக் காஸ்டர் என்பார்கள். வளைவு முடிந்ததும் வளையம் தானே திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் டயருக்குள் இருக்கிறது. வளைவில் டயரின் தரை தொடும் பகுதி பக்கவாட்டில் நெளியும். அந்த நெளிவால், தரை டயரைத் தள்ளும் விசை நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தச் சிறு தூரம் நெம்புகோல் போல வேலை செய்து, வளையத்தை நேராக்கப் பார்க்கிறது. நாம் கையில் உணரும் 'கனம்' இதுவே.

இப்போது முக்கியமான செய்தி. தரை வழுக்கத் தொடங்கும்போது டயரின் பின்பகுதிதான் முதலில் நழுவும். அப்போது அந்த நெம்புகோல் சுருங்கும், வளையம் லேசாகும். ஆனால் டயரின் முழுப் பிடியும் அப்போது போய்விடவில்லை. அதாவது, வண்டி நழுவுவதற்கு முன்பே வளையம் நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆனி, ஆடி மழையில் மலைப் பாதையில் ஓட்டுகிற டிரைவருக்கு இந்த அரை நொடி முன்னறிவிப்பு உயிர். நல்ல டிரைவர் அதைப் படித்தறிந்ததில்லை, கையால் அறிந்தவர். 'வளையம் லேசாச்சுங்க, காலை எடுத்துட்டேன்' என்பார். அவ்வளவுதான்.

இந்தச் சேதியை இரண்டு பகைவர்கள் கெடுக்கிறார்கள். ஒருவன் ஆட்டம், தேய்ந்த மூட்டில் சேதி விழுந்து தொலைந்துவிடும். மற்றவன் இறுக்கம், கிரீஸ் வற்றிய மூட்டு, துருப்பிடித்த கிங்பின், அளவுக்கு மேல் முடுக்கிய பாக்ஸ், இவற்றின் உராய்வில் சேதி அமுங்கிவிடும். இரண்டுமே தேய்மானத்தின் முகங்கள். ஆகவே உணர்வு வேறு, ஆயுள் வேறு என்று பிரித்துப் பேசுவது சரியில்லை என்பது என் துணிபு. வளையத்தின் உணர்வு கெட்ட நாளிலிருந்து ஸ்டியரிங்கின் ஆயுளும் கரைகிறது.

நெல்லியாம்பதி இறக்கத்தில்

1998 ஆனி மாதம். எஸ்டேட்டுகளுக்கு மளிகை ஏற்றிப் போக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தேன். அதில் இருந்தது பழைய கேம்-லீவர் வகைப் பாக்ஸ். டிரைவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, கை ஆட்டம் ஜாஸ்தியா இருக்குதுங்க. ஒருதரம் பிரிச்சுப் பாத்துடலாமுங்க."

"சீசன் கடன் அடையட்டும்பா. இப்போதைக்கு ஆட்டத்தை மட்டும் எடுக்கச் சொல்லு" என்றேன். ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சரிப்படுத்தும் திருகு உண்டு. அதை ஒரு சுற்று முடுக்கிக் கொடுத்தார்கள். செலவு சொற்பம். வளையம் கெட்டியாக நின்றது. எனக்குச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் நெல்லியாம்பதியில் சரக்கு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு போத்துண்டி நோக்கி இறங்கி வருகிறார். நல்ல மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் வளையத்தை முழுக்கத் திருப்பினார், வண்டி திரும்பியது, வளையம் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தும் நேராவதற்குள் ஜீப் மலைப் பக்கத்துச் சாக்கடையில் இறங்கிப் பாறையில் மோதியது. டிரைவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வளைவு வேறு கை வளைவாக இருந்திருந்தால் மோதப் பாறை இருந்திருக்காது, பள்ளம்தான்.

ஜீப்பைப் பொள்ளாச்சிக்குக் கட்டி இழுத்துப் போனோம். அங்கே ஒரு பெரியவர், மேஸ்திரி, பாக்ஸைப் பிரித்து என் முன் மேசையில் வைத்தார். "நயினாரே, இதக் கொஞ்சம் தடவிப் பாருங்க" என்றார். திருகுப் பள்ளத்தின் நடுப்பகுதி வழவழவென்று குழிந்திருந்தது. இரு ஓரங்களும் புதுசாக இருந்தன.

அப்போதுதான் விளங்கியது. வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேரே ஓடுகிறது. அதனால் பாக்ஸின் நடுப்பகுதிதான் தேயும், ஓரங்கள் தேயாது. தேய்ந்த நடுவுக்குப் பொருந்தும்படி திருகை முடுக்கினால், தேயாத ஓரங்களுக்கு அது மிதமிஞ்சிய இறுக்கம். நேர் சாலையில் கெட்டியாக நிற்கும். கொண்டை ஊசியில் பிடித்துக்கொள்ளும். அந்தத் திருகு சிறு தேய்மானத்துக்கு மட்டுமே. அதையும் சக்கரம் நேராக இருக்கும்போது சரிசெய்து, பிறகு இரு கோடி வரை திருப்பிப் பார்த்து, எங்கும் பிடிக்காமல் இருந்தால்தான் ஏற்க வேண்டும். பிடித்தால் உள்ளுறுப்பை மாற்றுவது ஒன்றே வழி.

அதோடு முடியவில்லை. மேஸ்திரி டை ராடு முனையைக் கையால் அசைத்துக் காட்டினார். பந்து தன் கிண்ணத்தில் கடகடவென்று ஆடியது. முதலில் வந்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்திருந்தது! வியாதி ஓரிடம், மருந்து வேறிடம். அந்த முடிவு என்னுடையது, டிரைவருடையதன்று. அவர் கைக்கு வந்த சேதியை அவர் என்னிடம் சேர்த்துவிட்டார். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

சட்டம் சொல்வதும் அச்சாணியும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி ஸ்டியரிங்குக்கு உரியது. அதில் மூன்று செய்திகள் நமக்கு முக்கியம். வளையத்தில் ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. பந்து மூட்டுகள் எல்லாம் ரப்பர் உறையால் காக்கப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டாலும் பின்னாலும் இணைத்த இடங்களில் அவை கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 126 செ.மீ. 30 பாகை என்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பத்தரை செ.மீ. வளையம் 15 பாகை திரும்பினால் சக்கரம் 1 பாகை திரும்பும் வண்டியில், இது சக்கரத்தில் 2 பாகைக்குச் சமம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.5 மீட்டர் இடைவெளியுள்ள வண்டி, சக்கரம் 2 பாகை திரும்பினாலே சுமார் 70 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போய்விடும். ஒரு நல்ல வளைவையே விழுங்கிவிடக்கூடிய ஆட்டம் அது. ஆகவே சட்டம் சொல்லும் 30 பாகை கடைசி எல்லை. அதற்குள் இருந்தால் போதும் என்று நிம்மதி அடையக் கூடாது. பல கார்களின் கையேடுகள் வளைய விளிம்பில் 30 மி.மீ.க்குள்தான் அனுமதிக்கின்றன.

இரண்டாவது, ரப்பர் உறை. ஸ்டியரிங்கின் ஆயுளில் பெரும்பங்கு இந்த மலிவான உறுப்பில் இருக்கிறது என்றால் மிகையாகாது. பந்து மூட்டைக் கொல்வது பாரமன்று, மண். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மழைநீரும் புழுதியும் உள்ளே போகும். அதன்பின் அது மூட்டல்ல, அரவைக்கல். முதலமடை மாந்தோப்பு மண்பாதைகளில் சீசன் முழுக்க ஓடும் பிக்அப்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். ரேக்-பினியன் கார்களில் இரு பக்கமும் துருத்தி போன்ற ரப்பர் உறை உண்டு. அது கிழிந்தால் ரேக்கே துருப்பிடிக்கும். உறையின் விலை எங்கே, ரேக்கின் விலை எங்கே!

மூன்றாவது, பூட்டு. பந்து மூட்டின் நட்டில் குறுக்கே ஒரு சிறு கம்பி வளைத்து விட்டிருப்பார்கள். காட்டர் பின் என்பார்கள். வள்ளுவர் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணியை உவமை சொன்னாரே, அதன் கொள்ளுப்பேரன் இது. பழைய கம்பியையே நிமிர்த்தி மறுபடி போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி மறுமுறை ஒடியும். புதிதாகப் போடச் சொல்லுங்கள். செலவு ஒரு சாயா விலைகூட இல்லை.

செய்பவர்கள் செய்த முன்னேற்றம்

ஸ்டியரிங் உறுப்புகள் செய்வதில் நம் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு என்பது வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1929-இல் சென்னையில் வண்டிகளும் உதிரிபாகங்களும் விற்கும் வணிகமாகத் தொடங்கிய ரானே நிறுவனம், 1960-களில் ஸ்டியரிங் இணைப்புகளைத் தானே செய்யத் தொடங்கியது. வேளச்சேரி, காஞ்சிபுரம் பக்கத்து வாரணவாசி, புதுச்சேரி, மைசூர் என்று அதன் தொழிற்சாலைகள் பரவின. திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் லாரி, பஸ்களுக்கான பவர் ஸ்டியரிங் தயாராகிறது. ரானே மெட்ராஸ் 2007-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. வடக்கே சோனா கோயோ என்ற ஸ்டியரிங் நிறுவனம் 2003-இலேயே அதைப் பெற்றிருந்தது. வாங்கி விற்றவர்கள் செய்து விற்பவர்களாக மாறிய கதை இது. வியாபாரிகளாகிய நமக்குச் சற்றுப் பெருமைதானே!

தொழில்நுட்பத்தில் என்ன மாறியது? முன்பு பந்தும் கிண்ணமும் இரும்போடு இரும்பு. மாதம் ஒருமுறை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். பிறகு பந்தை மேற்பரப்பு மட்டும் கடினமாகும்படிச் சூடேற்றிக் குளிர்வித்து, கண்ணாடி போல மெருகேற்றி, கிண்ணத்துக்கு உராய்வு குறைந்த பிளாஸ்டிக் படுக்கை வைத்தார்கள். படுக்கை பந்தை மெல்ல அழுத்திப் பிடித்திருப்பதால் ஆட்டம் இல்லை. வழுக்கும் தன்மையால் இறுக்கமும் இல்லை. உணர்வும் ஆயுளும் சேர்ந்தே உயர்ந்தன. உறை ரப்பரும் வெயிலுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் செயற்கை ரப்பரானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதுவகை மூட்டில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் கிடையாது. ஆயுளுக்கும் சேர்த்து உள்ளே அடைத்துவிட்டார்கள். அதனால் உறை கிழியும் வரை கவலை இல்லை; கிழிந்தால் மூட்டின் கதை முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். நிப்பிள் உள்ள பழைய வகைக்கோ கிரீஸ்தான் சாப்பாடு. பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வழியும் வரை புதுசை அடிக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரியாமல் நாம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறோம்.

மலிவு விலைப் போலி மூட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே பந்தின் மெருகும் ரப்பரின் தரமும்தான் வித்தியாசம். அவை கண்ணுக்குத் தெரியாது. மற்ற பாகத்தில் சிக்கனம் பாருங்கள், ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் வேண்டாம். பில் வாங்கி வையுங்கள்.

பவர் ஸ்டியரிங் என்னும் ஊன்றுகோல்

பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் அவ்வகையை விற்பனைக் காரில் வைத்தது. 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ காரில் எலக்ட்ரிக் ஸ்டியரிங் வந்தது. இப்போது நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலும் இதுவே. எண்ணெய் வகையில் பம்ப் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். மின் வகையில் திருப்பும்போது மட்டும் மோட்டார் வேலை செய்வதால் பெட்ரோல் மிச்சம். மெதுவாகப் போகும்போது அதிக உதவி, வேகத்தில் குறைந்த உதவி என்று கணினி கணக்குப் பார்த்துக் கொடுக்கும்.

வயதான கைகளுக்கும் பெண்களுக்கும் இது பெரிய வரம். என் மனைவி கார் ஓட்டக் கற்றதே இதனால்தான். ஆனால் ஊன்றுகோல் பிடித்தவருக்குக் கால் வலி தெரியாது. மூட்டு வறண்டு இறுகினாலும், உள்ளே தண்டு உராய்ந்தாலும், மோட்டார் கூடுதலாகத் தள்ளிச் சமாளித்துவிடும். நம் கைக்குச் சேதி வராது. ஆகவே பழைய வண்டிகளில் கை கண்டுபிடித்ததை, புது வண்டிகளில் கண்ணாலும் காதாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கரடுமுரடான சாலையில் வளையத்தடியில் கடகட ஓசை, வளைவு முடிந்து வளையம் தயங்கித் திரும்புதல், நேர் சாலையில் அடிக்கடி சிறுசிறு திருத்தம் தேவைப்படுதல் இவையெல்லாம் சேதிதான். விளக்கு எரிந்தால் ஒத்திப்போட வேண்டாம். சில நேரம் பாட்டரி வலுவிழந்ததும் காரணமாக இருக்கும்.

எண்ணெய் வகை உள்ளவர்கள் வளையத்தைக் கோடி வரை திருப்பிப் பிடித்தபடி பத்துப் பதினைந்து நொடி நிற்கக் கூடாது. எண்ணெய் கொதித்துப் பம்பும் சீல்களும் கெடும். கையேடு சொன்ன எண்ணெயைத் தவிர வேறு கலக்க வேண்டாம்.

பாரமும் பாதையும்

இடுக்கி எல்லையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறும். பின்பக்கம் பாரம் கூடினால் முன் சக்கரம் தரையை அழுத்துவது குறைகிறது. வளையம் லேசாகிறது, டிரைவருக்குச் சுகமாகக்கூட இருக்கும். ஆனால் முன் டயருக்குப் பிடி இல்லை என்பதே அந்த லேசின் பொருள். மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று எச்சரித்த மொழி நம்முடையது. அங்கே ஏறுகிறவர்கள் மயிலிறகும் அல்லர். தினக்கூலிக்குப் போகும் தாய்மார்கள். அந்த வண்டிகளின் உரிமையாளர்களில் யாராவது இம்மலரைப் படித்தால், டிரைவர் சொல்லும் முதல் வார்த்தையிலேயே வண்டியை நிறுத்திப் பாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குடும்பங்கள் செய்யத் தக்கவை

பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு இரவெல்லாம் காரோட்டி ஊருக்குப் போகிறவர்கள் நாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் டயர்க் காற்று. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும் முன் இரு முன் டயர்களின் காற்றையும் சமமாக்கிப் பாருங்கள்; பாதிப் புகார் அங்கேயே தீரும்.

அடுத்து ஆட்டம். சக்கரத்தை நேராக நிறுத்தி, பவர் ஸ்டியரிங்கானால் இன்ஜினை ஓடவிட்டு, வளையத்தை விரலால் இடமும் வலமும் மெல்ல அசைத்து, டயர் அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம். வீட்டுப் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு பாடம். ஒர்க்‌ஷாப்பில், ஒருவர் வளையத்தை அசைக்க, மெக்கானிக் கீழே ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு விரலுக்கு 'டக்' என்று சொல்லும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இருபக்கமும் பிடித்து அசைத்தால் டை ராடு ஆட்டமும், மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங், கிங்பின் அல்லது கீழ் பால் ஜாயின்ட் ஆட்டமும் தெரியும்.

அலைன்மென்ட் கடைசியில்தான். மூட்டு ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்வது, முள் நிற்காத தராசில் எடை போடுவது போல. கணினி காட்டும் எண் கடையை விட்டு வெளியே வந்ததும் மாறிவிடும். அதுபோல, மூட்டை மாற்றினால் பிறகு அலைன்மென்ட் கட்டாயம். டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் அலைன்மென்ட் கெட்டதற்கு அடையாளம்.

நின்ற வண்டியில் வளையத்தை முறுக்காதீர்கள். வண்டி ஒரு சாண் நகரும்போது திருப்பினால் மூட்டுக்கும் மோட்டாருக்கும் பாதிப் பாரம் குறையும். மண்பாதையில் போய் வந்தால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஆனால் அதிக அழுத்த நீரை ரப்பர் உறைமேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம். நெடுநாள் நிறுத்தி வைத்த காரானால் எலி உறையைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவாக

இப்போது வளையத்துக்கும் சக்கரத்துக்கும் தண்டு இணைப்பே இல்லாமல் மின்கம்பி வழியாக மட்டும் கட்டளை போகும் வண்டிகளும் வந்துவிட்டன. 2013-இல் இன்ஃபினிட்டி நிறுவனம் அப்படி ஒரு காரை விட்டபோது, மின்சாரம் தவறினால் உதவ ஒரு தண்டையும் கூடவே வைத்தது. தரையின் சேதியைக் கணினியே செயற்கையாகக் கைக்குத் தர வேண்டும் என்ற நிலை அங்கே. எவ்வளவு முன்னேறினாலும், கைக்குச் சேதி வராத வளையத்தை மனிதர் நம்பமாட்டார் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

என் டிரைவர் மணிக்கட்டு குணமாகி மறுபடியும் என்னிடமே பல ஆண்டுகள் ஓட்டினார். இப்போது அவருக்குச் சொந்தமாக இரண்டு பிக்அப். மழை நாளில் அந்தக் கை இன்னும் வலிக்கும் என்பார்; என் மனசும்தான். அன்று முதல் மாலையில் சாவி வாங்கும்போது எந்த டிரைவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி என்ன சொல்லுதுப்பா?" என்பதே. வசூல் கணக்கு அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டில் வளையம் பிடிக்கிறவர் யாராயினும், மகனோ மகளோ கூலிக்கு வந்த டிரைவரோ, நீங்களும் அதைக் கேளுங்கள். சொன்னால் காது கொடுங்கள்.

எல்லோரும் பத்திரமாய் ஊர் போய்ச் சேர்க.